கையஸ் பால்டர்: பிடிக்காதவனின் சொல்

ஒரு கதைமாந்தரைப் பிடிக்கவில்லை என்று யாரேனும் சொன்னால், இலக்கியம் பேசும் கூட்டங்களில் மெல்லிய நகைப்பொன்று எழும். பிடித்தலும் பிடிக்காமையும் தொடக்கநிலை வாசகருக்கு உரியவை, தேர்ந்த வாசகர் உத்தியையும் மொழியையும் பற்றியே பேச வேண்டும் என்பது அந்த நகைப்பின் பொருள். எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் பாரதக் கூத்தின் நிறைவில் துரியோதனன் படுகளத்தைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் சொல்வது விளங்கும். மண்ணால் செய்து கிடத்தப்பட்ட அந்தப் பேருருவைப் பார்த்து ஊரே ஏசும். பீமன் அதன் தொடையைப் பிளந்ததும், அதே இடத்தில் காந்தாரி வேடமிட்டவர் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார். ஏசியவர்களின் கண்களும் நனையும். அதனால் துரியோதனன் நல்லவனாகிவிடுவதில்லை. வெறுப்பு வெறுப்பாகவே இருக்க, அதனருகில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவ்விரண்டையும் ஒருசேரத் தாங்க அக்கூத்து நம்மைப் பழக்குகிறது.

இவ்வளவு பீடிகையும் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வரும் அறிவியலாளன் ஒருவனுக்காகத்தான். 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' 2003 டிசம்பரில் குறுந்தொடராக வெளிவந்து, 2004 முதல் 2009 மார்ச் வரை நான்கு பருவங்களாக நீண்ட அறிவியல் புனைவு. 1978இல் க்ளென் லார்சன் உருவாக்கிய அதே பெயருள்ள தொடரை ரொனால்ட் டி. மூர் புதிதாக ஆக்கினார். பன்னிரண்டு கோள்களில் வாழும் மனிதர்கள், தாம் படைத்த இயந்திரங்களான சைலான்களோடு ஒருகாலத்தில் போரிட்டவர்கள். 40 ஆண்டு அமைதிக்குப் பின் சைலான்கள் திரும்பி வருகின்றன. இம்முறை சில மனித உருவிலேயே. அணுகுண்டுகளில் பன்னிரண்டு கோள்களும் அழிகின்றன. எஞ்சியவர் ஏறத்தாழ 50,000 பேர். ஒரு பழைய போர்க்கப்பலின் காவலில், கையில் கிடைத்த கலங்களிலெல்லாம் ஏறி, புவி என்றொரு கோள் உண்டென்ற நம்பிக்கையோடு அவர்கள் அலைகிறார்கள்.

அந்த அழிவுக்குக் கதவைத் திறந்துவிட்டவன் கையஸ் பால்டர். பாதுகாப்புத் துறைக்குக் கணினி நிரல் எழுதித் தரும் பணியில், தன்னோடு உறவு கொண்டிருந்த பெண்ணை உள்ளே அனுமதிக்கிறான். அவள் சைலான் என்று அவனுக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. அழிவு நாளில் ஹீலோ என்ற இளம் படைவீரன், இவ்வளவு பெரிய அறிவாளி பிழைத்தாக வேண்டும் என்று மீட்புக் கலத்தில் தன் இடத்தையே இவனுக்கு விட்டுக்கொடுக்கிறான். பால்டர் ஏறிக்கொள்கிறான். அதன்பின் நான்கு பருவங்களிலும் அவன் செய்வது பெரும்பாலும் அதுதான்: பிறர் விட்டுக்கொடுத்த இடத்தில் ஏறி அமர்ந்துகொள்வது.

1978 தொடரில் ஜான் கோலிகோஸ் நடித்த பால்டர் கலப்பற்ற துரோகி. அவனை வெறுப்பதில் பார்வையாளருக்குச் சிரமமேதும் இல்லை. புதிய தொடரில் ஜேம்ஸ் கேலிஸ் நடித்த பால்டர் வேறுவகை. இவனுக்கு யாரையும் அழிக்க வேண்டும் என்ற நோக்கமில்லை. தான் சுகமாக இருக்க வேண்டும், தன்னை அறிவாளி என்று நாலுபேர் சொல்ல வேண்டும், மாட்டிக்கொள்ளக் கூடாது. இந்த மூன்று விருப்பங்கள் போதும், ஒரு மனித குலத்தை முடிப்பதற்கு. இறந்துபோன அந்தப் பெண்ணின் உருவம் அவன் கண்ணுக்கு மட்டும் தோன்றிப் பேசிக்கொண்டே இருக்கிறது. அவளுக்குப் பதில் சொல்லப்போய், எதிரே இருப்பவரிடம் உளறிச் சமாளிக்கும் காட்சிகள் நகைச்சுவையாகவே எடுக்கப்பட்டுள்ளன. சிரித்து முடித்த பின்தான், யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்பது உறைக்கும்.

நாங்கள் நால்வர் இத்தொடரைப் பார்த்தது 2008, 2009 ஆண்டுகளில், ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு வாடகை அறையில். பெங்களூரில் மென்பொருள் பணியிலிருந்த நண்பர் வார இறுதியில் வன்தட்டில் கொண்டுவருவார். தமிழகமெங்கும் மின்வெட்டு கடுமையாகத் தொடங்கியிருந்த காலம். ஒரு அத்தியாயத்தை ஒரே மூச்சில் பார்த்ததாக நினைவில்லை. மின்சாரம் போன இடைவெளியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் விவாதம் நடக்கும். விவாதப் பொருள் எப்போதும் பால்டர்தான். எங்களில் ஒருவர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் நிரந்தரத் தொழிலாளி, சங்கத்தில் பொறுப்பிலிருந்தவர், மற்ற மூவருக்கும் பத்து வயது மூத்தவர். அவரை நாங்கள் அண்ணன் என்றே அழைத்தோம். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறோம்.

வெறுப்பிலும் படிநிலைகள் இருந்தன. முதற்பருவத்தில் அது எரிச்சல் மட்டுமே. இரண்டாம் பருவத்தில், சைலான்களைக் கண்டறியும் கருவிக்கென்று வாங்கிவைத்திருந்த அணுகுண்டை அவன் ஜீனா என்ற சைலானிடம் கொடுத்தபோது எரிச்சல் கோபமாயிற்று. அவள் அதை வெடிக்கச் செய்ததில் ஒரு கலமே அழிந்தது. அந்தக் கதிர்வீச்சின் தடம் பற்றித்தான் பின்னர் எதிரி மனிதர்களைக் கண்டுபிடித்தான். அதற்குள் பால்டர், அலைந்தது போதும், கண்ணில் பட்ட கோளில் இறங்கிக் குடியேறலாம் என்ற ஒற்றை வாக்குறுதியில் தேர்தலில் வென்று தலைவனாகியிருந்தான். சைலான்கள் வந்திறங்கியதும் சரணடைகிறான். மூன்றாம் பருவத் தொடக்கத்தில், தலையில் துப்பாக்கி அழுந்த, தன் மக்களுக்கான மரண ஆணையில் கையொப்பமிடுகிறான். அந்த இரவில் எங்களில் யாரும் பேசவில்லை. துப்பாக்கி நம் தலையில் இருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்ற கேள்வி எல்லோர் மனத்திலும் இருந்தது. அக்கேள்வியும் அவன்மீதான வெறுப்பைக் குறைக்கவில்லை என்பதுதான் வியப்பு.

தமிழில் இத்தகைய மாந்தர் இல்லாமலில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஆயிற்று. எல்லோருக்கும் நினைவிருப்பது ஜீனோ என்ற இயந்திர நாய். அதைப் பிடிக்காதவர் யாருமில்லை. ஆனால் அக்கதையில் எங்களை உறுத்துபவன் ரவி. ஜீவாவின் சர்வாதிகாரத்தை வீழ்த்தப் புறப்பட்டவன், நிலாவுக்குத் துணை நின்றவன். முடிவில் மனோவோடு சேர்ந்து திரைமறைவில் தானே அதிகாரத்தைப் பற்றிக்கொண்டு நிலாவைப் பொம்மை அரசியாக்குகிறான். பிடித்துப்போனவன் பிடிக்காதவனாக மாறுகிற கதை அது. அங்கே நம் வேலை எளிது. ஏமாந்தோம் என்று தெரிந்துகொண்டால் போதும். பால்டர் வைக்கும் சோதனை இதற்கு நேர்மாறானது. பிடிக்காதவன் பிடிக்காதவனாகவே இருந்துகொண்டு, நாம் கேட்டாக வேண்டிய ஒன்றைச் சொல்கிறான்.

அது மூன்றாம் பருவத்தில், 2007 பிப்ரவரியில் ஒளிபரப்பான 'டர்ட்டி ஹேண்ட்ஸ்' என்ற அத்தியாயத்தில் நிகழ்கிறது. பால்டர் அப்போது விசாரணைக் கைதி. சிறையிலிருந்து அவன் ரகசியமாக எழுதும் பக்கங்கள் வழக்கறிஞர் வழியாக வெளியேறிக் கலம் கலமாகப் பரவுகின்றன. அவன் எழுதுவது இதுதான்: கோள்கள் அழிந்தாலும் அவற்றின் படிநிலைகள் அழியவில்லை. பணக்காரக் கோளில் பிறந்தவர் ஆள்கிறார், வான்கலம் ஓட்டுகிறார்; ஏழைக் கோளில் பிறந்தவர் எரிபொருள் சுத்திகரிக்கும் கலத்தில் கரியும் புகையுமாக உழைக்கிறார்; அவருக்குப் பின் அவர் பிள்ளை. அத்தியாயம் இதைக் காட்டவும் செய்கிறது. சுத்திகரிப்புக் கலத்தில் சிறுவர்கள் வேலை செய்கிறார்கள். படிப்புச் செலவுக்காக ஒரு கோடையில் மட்டும் பண்ணை வேலை பார்த்த இளைஞன், தாள்களில் 'பண்ணையாள்' என்று பதிவான ஒரே காரணத்தால் அங்கே இழுத்துவரப்பட்டு இயந்திரத்தில் காயப்படுகிறான். தொழிலாளர் தலைவனாக இருந்த டைரல் என்பவன் இயந்திரத்தை நிறுத்தி வேலைநிறுத்தம் அறிவிக்கிறான்.

அதற்கு முன் டைரல் சிறையில் பால்டரைச் சந்திக்கும் காட்சியொன்று உண்டு. தான் காப்ரிகா என்ற நாகரிகக் கோளைச் சேர்ந்தவனல்லன், ஏரிலான் என்ற வேளாண் கோளில் உழவன் மகனாகப் பிறந்தவன் என்கிறான் பால்டர். பன்னிரண்டு கோள்களுக்கும் சோறு போட்ட கோள் அது. ஆனால் அதன் மண்மணம் வீசும் பேச்சைக் கேட்டால் மற்றவர் நகைப்பர். சிறுவனாயிருந்தபோதே நாக்கைப் பழக்கிக் காப்ரிகா உச்சரிப்பைக் கற்றுக்கொண்டானாம். சொல்லிக்கொண்டே வந்தவன், சட்டென்று அந்தப் பழைய பேச்சுக்கு மாறுகிறான். அதுவரை இரண்டரைப் பருவங்கள் நாம் கேட்ட குரல் முழுவதும் வேடம் என்பது அப்போதுதான் தெரிகிறது.

வன்தட்டு கொண்டுவரும் நண்பர் அங்கே படத்தை நிறுத்தச் சொன்னார். அவர் தளிப் பக்கத்தில் ஒரு சிற்றூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வளர்ந்தவர். ஓசூர் வட்டாரத்தில் இது பொது நிலைதான். வேலைக்குச் சென்ற இடத்தில் அந்த மூன்றும் சேர்ந்த எல்லைப்பேச்சு நகைப்புக்குள்ளாக, நகரத்துக் கன்னடத்தையும் அலுவலக ஆங்கிலத்தையும் தனித்தனியே பழகினார். அலுவலகத்தில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தால் படிக்கட்டுக்குப் போய்த்தான் பேசுவாராம். பால்டரை எங்கள் எல்லோரிலும் அதிகமாக வெறுத்தவர் அவர்தான். இந்தக் காட்சிக்குப் பின் அவ்வெறுப்பு தணியும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் சொன்னது வேறு: "இவனுக்கு இது இப்பதான் ஞாபகம் வருதா? பதவியில இருந்தப்ப எந்த ஊர்ப் பேச்சு பேசினான்?"

அண்ணன் சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "ஆளு சரியில்லப்பா. அதுல எனக்கும் சந்தேகமில்ல. ஆனா சொன்ன கணக்கு சரி."

கணக்கு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரு தனிப்பொருள் உண்டு. 24 மாதங்களில் 480 நாள்கள் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981இல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. அந்த எண்ணை அறியாதவர் தொழிற்பேட்டையில் இல்லை. அதை எட்டவிடாமல் நாளை உடைக்கும் வழிகளையும் அறியாதவர் இல்லை. சில நாள் நிற்கச் சொல்வது, வேறொரு ஒப்பந்தக்காரர் பெயரில் மறுபடி சேர்ப்பது, பயிற்சியாளர் என்று புதிய அட்டை கொடுப்பது. ஒரே இயந்திரத்தில் ஒரே சீருடையில் ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருக்கு வீட்டுக்கடன் கிடைக்கும். இன்னொருவருக்கு அடுத்த மாதம் வாடகை நிச்சயமில்லை.

அன்றிரவு அண்ணன் சொன்ன நிகழ்ச்சி இது. ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மேற்பார்வையாளராக இருந்த ஆள், பையன்களின் வருகைப் பதிவில் கைவைத்து நாளை உடைத்தவர். கைநீட்டிப் பணமும் வாங்கியவர். பின்னொரு நாள் அவரையே வேலையிலிருந்து விரட்டினார்கள். நேரே வாயிற்கூட்டத்துக்கு வந்து, எந்த நாளில் யார் பெயர் வெட்டப்பட்டது, எந்தப் பெயரில் திரும்ப எழுதப்பட்டது என்று ஒப்பிக்கத் தொடங்கினார். பையன்கள் கொதித்தார்கள். வெட்டியவனே வந்து நியாயம் பேசுவதா என்று அடிக்கப் பாய்ந்தார்கள். அண்ணன் அவரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்று எதிரே உட்காரவைத்தார். "டீ வாங்கித் தரல. எனக்கு மட்டும் ஒண்ணு சொல்லிக் குடிச்சேன். ஆனா அவன் சொன்ன தேதி பூராவும் நோட்டுல எழுதிக்கிட்டேன்" என்றார். அந்த நோட்டிலிருந்த தேதிகளை வைத்தே மனு எழுதப்பட்டது. அது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. முடிவதற்குள் பலர் ஊரைவிட்டே போய்விட்டனர். மூவருக்கு மட்டும் நிரந்தர ஆணை கிடைத்தது.

எவர் வாயிலிருந்து வந்த சொல்லாயினும் அதன் மெய்ம்மையை ஆராய வேண்டும் என்பது வள்ளுவர் அறிவுரை. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது, எளியவர் சொன்னாலும் கேள் என்ற பொருளில்தான் அது நமக்குக் கற்பிக்கப்பட்டது. எளியவர் சொல்லைக் கேட்பதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. அது நம்மைப் பெருந்தன்மையாளராகக் காட்டும். அருவருப்பானவர் சொல்லைக் கேட்பதில் அந்தச் சுகம் ஏதுமில்லை. அண்ணன் வாங்கித் தராத அந்தத் தேநீரில்தான் அக்குறளின் கடினமான பக்கம் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. சொல்லை எடுத்துக்கொள்வதற்காகச் சொன்னவனை மன்னிக்க வேண்டியதில்லை. சொன்னவனை வெறுப்பதற்காகச் சொல்லை எறியவும் வேண்டியதில்லை.

தொடர் இதில் நேர்மையாக இருக்கிறது. பால்டருக்கு எதிரே அது நிறுத்துவது நமக்கு மிகப் பிடித்த இருவரை. கல்வி அமைச்சராக இருந்து அழிவுக்குப் பின் தலைவரான லாரா ராஸ்லின் மதிப்புக்குரியவர். ஆனால் பால்டர் வென்ற அதே தேர்தலில் வாக்குகளை மாற்றியமைக்கும் சதிக்கு அவர் உடன்பட்டார். தளபதி அடாமா அதைத் தடுத்தார். அதே அடாமா, வேலைநிறுத்தத்தை முறிக்க டைரலின் மனைவியைச் சுட்டுவிடுவேன் என்று மிரட்டுகிறார். டைரல் பணிகிறான். அதன் பின்னரே ராஸ்லின் அவனை அழைத்துப் பேசுகிறார், சங்கத்தை ஏற்கிறார். பால்டர் சிறையிலேயே இருக்கிறான். அவன் எழுத்து வென்றது, அவன் வெல்லவில்லை. இந்தப் பிரிப்பை இவ்வளவு துல்லியமாகச் செய்த கதைகளை நாங்கள் அதிகம் கண்டதில்லை.

பருவத்தின் இறுதியில் வழக்கு. அடாமாவின் மகன் லீ சாட்சிக் கூண்டில் நின்று, இந்தக் கப்பற்கூட்டத்தில் யார் யார் எதற்கெல்லாம் மன்னிக்கப்பட்டார்கள் என்று அடுக்குகிறான். ஆயிரம் பேருக்கு மேல் இருந்த பயணக் கலத்தைச் சுட்டு வீழ்த்திய தானும் அதில் உண்டு என்கிறான். எல்லோரையும் மன்னித்துவிட்டு எஞ்சிய அவமானம் முழுவதையும் பிடிக்காத ஒருவன் தலையில் ஏற்றி வெளியே தள்ளப் பார்க்கிறோம் என்பது அவன் வாதம். ஐந்து நீதிபதிகளில் மூவர் விடுதலை என்கிறார்கள். நண்பர் இத்தீர்ப்பை ஏற்கவில்லை, இன்றும் ஏற்பதில்லை. தண்டனையில்லாத விடுதலை செத்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு என்பது அவர் நிலை. அண்ணனோ, அவன் ஒருவனைத் தூக்கிலிட்டிருந்தால் சுத்திகரிப்புக் கலத்தில் மறுநாள் என்ன மாறியிருக்கும் என்று கேட்பார். எங்களுக்குள் இது தீராத வழக்கு. தீர வேண்டும் என்றும் நாங்கள் விரும்பவில்லை.

தொடரில் குறைகள் உண்டு. நான்காம் பருவத்தில் பால்டர் ஒரு சமயக் குழுவின் குருவாகி, தன்னைப் போற்றும் பெண்கள் சூழப் போதனை செய்கிறான். சிறையில் எழுதிய வர்க்கக் கணக்கை அவனும் மறந்துவிடுகிறான், எழுத்தாளர்களும் மறந்துவிடுகிறார்கள். அப்பகுதிகள் எங்களைச் சோர்வுறச் செய்தன. ஆயினும் அவனை நல்லவனாக்கும் ஆசைக்குத் தொடர் எளிதில் இடங்கொடுக்கவில்லை. இன்றைய தொடர்களில் எதிர்மறை மாந்தருக்கெல்லாம் துயரமான இளமைக்காலம் ஒன்றை எழுதிக் கணக்கைத் தீர்க்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. பால்டரின் ஏரிலான் அப்படிப்பட்ட மன்னிப்புச் சீட்டாக ஆகவில்லை. அவன் பட்ட அவமானம் உண்மை. அதை அவன் தக்க தருணத்தில் விலைக்கு வைக்கிறான் என்பதும் உண்மை.

நாங்கள் இத்தொடரை அண்மையில் மீண்டும் பார்த்தபோது ஊர் மாறியிருந்தது. ஓசூர் 2019இல் மாநகராட்சியாகிவிட்டது. 2021இல் போச்சம்பள்ளியருகே மின்ஸ்கூட்டர் ஆலை எழுந்தது; கையிலிருந்த ரோபோக்கள் பற்றியும், முழுக்கப் பெண்களே நடத்தப்போகும் ஆலை என்றும் பேசப்பட்டது. கேளமங்கலம் பக்கம் கைப்பேசிப் பாகங்கள் செய்யும் ஆலைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் இளம்பெண்கள் வந்திருக்கிறார்கள். தெலுங்கு, கன்னடம், தமிழ், உருதோடு பேருந்து நிலையத்தில் இப்போது இந்தியும் அதன் பல கிளைமொழிகளும் கேட்கின்றன. தம் ஊர்ப் பேச்சைப் படிக்கட்டில் நின்று பேசுவோர் இன்று எங்கள் நண்பர் தலைமுறையினர் மட்டுமல்லர். 'பண்ணையாள்' என்று தாளில் பதிவானதால் இயந்திரத்தின்முன் நிறுத்தப்பட்ட அந்த இளைஞனை, 2007ஐவிட இன்று எங்களால் கிட்டத்தில் பார்க்க முடிகிறது.

இறுதி அத்தியாயம் 2009 மார்ச்சில் வந்தது. மனிதர்கள் ஒரு பசுமையான கோளை அடைந்து, கலங்களைக் கைவிட்டு, நிலத்தில் வாழ முடிவெடுக்கிறார்கள். பால்டர் தன் துணைவியோடு நடந்து செல்கிறான். பயிரிடத் தக்க நிலம் தெரிகிறது என்று சுட்டிக்காட்டுகிறான். தனக்கு உழவு தெரியும் என்று சொல்லும்போது குரல் உடைந்து அழுகிறான். பன்னிரண்டு கோள்களின் அறிவுலகமும் அவனைப் போற்றிய எதுவும் அங்கே பயன்படவில்லை. எதை மறைக்க வாழ்நாளெல்லாம் நாக்கைத் திருத்தினானோ, அதுவே மிஞ்சுகிறது. கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலங்கள் கண்முன்னே ஆலைகளாக, மனைகளாக மாறிய வட்டாரத்தில் இருந்துகொண்டு அக்காட்சியைப் பார்ப்பவருக்கு அந்த அழுகை புரியாமல் இராது. எங்கள் நண்பருக்கும் புரிந்தது. காட்சி முடிந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இப்பவும் எனக்கு அவனைப் பிடிக்கலை."

பிடிக்க வேண்டியதில்லை. படுகளத்தில் அழுத பெண்களுக்கும் துரியோதனனைப் பிடித்துவிடவில்லை.